கிண்டியில் இரண்டு ஏக்கர்



‘அரசியல் நாகரிகம்’ என்ற தலைப்பில் பொதுவாகப் பேசினால் போதும் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். அந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு யார் மனமும் நோகாமல் ஒரு மணி நேரம் ஓட்டிவிடலாம். அதனாலேயே அதை ஒதுக்கிவிட்டேன். நான் எடுத்துக்கொள்வது ஒரே கேள்வி. எதிர்க்கட்சியின் பெரிய தலைவர் ஒருவர் மறைகிறார், அல்லது பதவி இழக்கிறார். பேனாவும் கோப்பும் அவரை எதிர்த்தவர் கையில் இருக்கின்றன. அந்தக் கை என்ன செய்கிறது?

2018 ஆகஸ்ட் 7 மாலை கலைஞர் கருணாநிதி மறைந்தார். ஆட்சியில் இருந்தது அதிமுக. அரசு பொது விடுமுறை விட்டது, 7 நாள் துக்கம் அறிவித்தது, அரசு மரியாதை உண்டு என்றது. மெரினாவில் அண்ணாவின் அருகே இடம் கேட்டபோதுதான் சிக்கல் எழுந்தது. மெரினா நினைவிடங்கள் தொடர்பான வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன, கிண்டியில் ராஜாஜி, காமராசர் நினைவிடங்களை ஒட்டி இரண்டு ஏக்கர் தருகிறோம் என்று பதில் வந்தது. பதவியில் இருக்கும்போது இறந்தவருக்கே மெரினா, முன்னாள் முதலமைச்சருக்கு இல்லை என்றும் வாதம் வைக்கப்பட்டது. இரவோடு இரவாக உயர் நீதிமன்றம் விசாரித்தது. மறுநாள் காலை மெரினாவுக்கு அனுமதி கிடைத்தது. தீர்ப்புச் செய்தி கேட்டு, தந்தையின் உடலருகே நின்ற ஸ்டாலின் கைகூப்பி அழுததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

அரசுத் தரப்பு சொன்னது அத்தனையும் சாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தலைவருக்குச் செய்யும் மரியாதையை நீதிபதியின் வீட்டுக் கதவைத் தட்டி வாங்க வேண்டியிருந்தால், கொடுத்த அரசுக்கு அதில் பெயர் ஏது?

அரசு காட்டிய அந்தக் கிண்டி மண்ணுக்கே ஒரு பழைய கதை உண்டு. அது 1975-இல் நடந்தது.

அந்த ஆண்டு காந்தி பிறந்த நாளன்று காமராசர் மறைந்தார். முதலமைச்சர் கருணாநிதி. இருவருக்கும் நடந்த சண்டை சாதாரணமானதல்ல. 1967-இல் விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்தது திமுகவின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், வித்தியாசம் 1,285 வாக்குகள். 1971-இல் காமராசரும் ராஜாஜியும் பழைய பகையை மறந்து ஓரணியில் நின்றார்கள். அப்படியும் திமுக 184 இடங்களைப் பிடித்தது. அதே ஆண்டு மதுவிலக்கைத் தளர்த்தியபோது காமராசர் சும்மா இருக்கவில்லை. பிறகு அதிமுக பிறந்தபோது, இரண்டு கழகங்களும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று ஒரே வீச்சில் தள்ளியவரும் அவர்தான். அப்படிப்பட்டவரின் உடல் ராஜாஜி மண்டபத்தில் வைக்கப்பட்டு, முழு அரசு மரியாதையோடு கிண்டியில், காந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் எரியூட்டப்பட்டது. இடத்துக்காக யாரும் நீதிமன்றம் போகவில்லை.

இதில் அரசியலே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம் அது. தில்லியின் கை இருவர் கழுத்துக்கும் நெருங்கியிருந்தது. நான்கே மாதத்தில், 1976 ஜனவரி 31 அன்று, திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. பொதுப் பகை சேர்த்து வைத்த நெருக்கம் என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் 2006-இல் நெருக்கடியும் இல்லை, காமராசரும் இல்லை. அந்த ஆண்டு மீண்டும் முதலமைச்சரான கருணாநிதி, காமராசரின் பிறந்த நாளான ஜூலை 15-ஐக் கல்வி வளர்ச்சி நாளாகப் பள்ளிகள் கொண்டாடச் சட்டமே கொண்டுவந்தார். தன் கட்சி வீழ்த்திய ஆட்சியின் சாதனையைத் தன் அரசின் நாட்காட்டியில் ஏற்றுவது சின்ன விஷயமல்ல.

ராஜாஜியின் சிதை முன்னே, 93 வயதில், சக்கர நாற்காலியில் இருந்தபடி பெரியார் அழுத காட்சியை இந்த மேடையில் யாராவது சொல்லியே தீர்வார்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். அது நட்பின் கதை. நான் பேச வந்தது அரசைப் பற்றி.

அரசு அவமதிக்கும்போது அது பெரும்பாலும் சின்னச் சின்ன வேலையாகத்தான் இருக்கும். 2011-இல் ஆட்சி மாறியதும், திமுக அரசு கொண்டுவந்த சமச்சீர் கல்வியை அதிமுகவினர் நிறுத்தப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் விடவில்லை. அச்சடித்த புத்தகங்களைக் கொடுத்தே ஆக வேண்டும். அவற்றில் கருணாநிதி தொடர்பான பகுதிகள் வரும் இடங்களில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒட்டிய தாளை நகத்தால் சுரண்டிப் பார்க்காத பள்ளிப் பிள்ளை உண்டா? மறைக்காமல் விட்டிருந்தால் பாதிப் பேர் அந்தப் பக்கத்தைப் படித்தே இருக்க மாட்டார்கள்! அதே ஆண்டு கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கும் அறிவிப்பும் வந்தது. கட்டிய கருணாநிதி மேல் இருந்த கோபத்தில், நூலகத்துக்கு யார் பெயர் என்பதும் தங்கள் கொடியில் இருப்பது யார் படம் என்பதும் மறந்துபோயின. அங்கேயும் நீதிமன்றம்தான் குறுக்கே வந்தது.

இதே இரு கட்சியினரும் சத்துணவில் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். காமராசர் மதிய உணவு தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக விரித்தார். 1989-இல் வந்த கருணாநிதி அதில் முட்டையைச் சேர்த்தார், எம்.ஜி.ஆர். பெயரை எடுக்கவில்லை. பின்னால் வந்த ஜெயலலிதா முட்டையை நிறுத்தவில்லை. கலவை சாதம் சேர்த்தார். சுவரில் எம்.ஜி.ஆர். பெயர், தட்டில் கருணாநிதியின் முட்டை, மசாலா ஜெயலலிதாவுடையது. ஒருவரையொருவர் சட்டமன்றத்தில் ஏறெடுத்துப் பார்க்காதவர்கள் ஒரே தட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை அவர்கள் யாரும் நாகரிகம் என்று சொல்லிக்கொண்டதில்லை. பிள்ளைகளின் சோற்றில் கைவைத்தால் தாய்மார்கள் விடமாட்டார்கள் என்ற பயம் போதுமானதாக இருந்தது.

அண்மைக்கு வருகிறேன். 2021 மே 4. திமுக வென்று இரண்டு நாள் ஆகியிருந்தது. பதவியேற்க இன்னும் மூன்று நாள். முகப்பேரில், ஜெயலலிதா தொடங்கிய அம்மா உணவகங்களில் ஒன்றுக்குள் புகுந்து திமுகவினர் இருவர் பெயர்ப்பலகையைக் கிழித்து எறிந்தார்கள். பலகையைத் திரும்ப மாட்டச் சொன்னதோடு, அந்த இருவர் மீது வழக்குப் போடவும் கட்சியிலிருந்து நீக்கவும் உத்தரவிட்டார் ஸ்டாலின். பின்னர், ஜெயலலிதா, எடப்பாடி பழனிசாமி படங்களோடு அச்சாகிக் கிடந்த 65 லட்சம் பள்ளிப் பைகளை அப்படியே வழங்கலாம் என்ற முடிவும் வந்தது. படத்தை மாற்ற 13 கோடி ரூபாய் ஆகும் என்றார்கள். மரியாதையா சிக்கனமா என்று கேட்கிறீர்களா? சிக்கனமாகவே இருக்கட்டும்; அது என் வரிப்பணம். முந்தைய ஆண்டுகளில் இந்தச் சிக்கனம் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

ஆனால் அதே ஆண்டுதான், விழுப்புரத்தில் பிப்ரவரியில் தொடங்கிய ஜெயலலிதா பல்கலைக்கழகம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. அதிமுக உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்து சாலையில் உட்கார்ந்தார்கள். நிதியும் கட்டமைப்பும் ஒதுக்காமல் தேர்தலுக்கு முன் அவசரமாகத் தொடங்கியது என்றது அரசு. அந்தக் குறை உண்மைதான். நிதியும் கட்டமைப்பும் கொடுத்து அதே பெயரில் நடத்தியிருக்கலாமே என்பதுதான் என் கேள்வி. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் யாராவது நாளை கோட்டையில் கோப்பு எழுதப் போனால், இதற்கு ஒரு பதில் எழுதி வையுங்கள்.