யுத்த மேடையில் சுதந்திரம்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பாரதப் போரிலே துரோணரை வீழ்த்த வேறு வழியின்றி, தருமபுத்திரர் "அசுவத்தாமன் மாண்டான்" என்று உரக்கச் சொன்னார். மாண்டது அப்பெயருடைய யானை என்பதை மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். அதுவரை நிலத்துக்கு நாலு விரற்கடை மேலே ஓடிய அவருடைய தேர் அன்று மண்ணைத் தொட்டதாம். யுத்த காலத்தில் தலைவர்கள் உரக்கச் சொல்வதை மட்டுமன்றி, மெல்லச் சொல்வதையும் கேட்க வேண்டுமென்பதே இக்கதை தரும் பாடம்.

இரண்டாம் உலக யுத்தத்தைப் பாருங்கள். 1941 ஆகஸ்ட் 14இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சிலும் அத்திலாந்திக் சாசனத்தை வெளியிட்டனர். எல்லா மக்களும் தாம் விரும்பும் ஆட்சியைத் தெரிந்துகொள்ளும் உரிமையை மதிப்போம் என்றது அதன் மூன்றாம் பிரிவு. அடிமை நாடுகள் நம்பிக்கையோடு நிமிர்ந்தன. செப்டெம்பர் 9இலோ சேர்ச்சில் பாராளுமன்றத்தில் விளக்கம் கூறினார்: அது முக்கியமாக நாசிகளின் பிடியிலிருந்த ஐரோப்பிய நாடுகளைக் குறித்ததாம்; பிரித்தானிய முடியின் கீழுள்ள நாடுகளின் விஷயம் வேறாம். "யானை" என்ற சொல் அப்போதுதான் காதில் விழுந்தது!

1942 ஜூலையில் காந்தியடிகள் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். இந்தியாவும் ஆபிரிக்காவும் சுரண்டப்படும்வரை நேச நாடுகளின் சுதந்திரப் பேச்சு வெற்றொலியே என்று உணர்த்தினார். அடுத்த மாதமே சிறை புகுந்தார்.

நம் மலைநாட்டுக்கு வருவோம். மலாயா வீழ்ந்தபின் நேச நாடுகளுக்கு இலங்கையின் இறப்பர் இன்றியமையாததாயிற்று. தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் முன்னோர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1948இல் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டுச் சட்டத்தால் நம்மவரிற் பெரும்பாலார் பிரசாவுரிமை இழந்தனர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. எஞ்சியோருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. ஆகவே, சுதந்திரம் என்ற சொல்லைச் சுருக்குபவர் அந்நியர் மட்டுமல்லர்.

அப்படியானால் அப்பேச்சுகளைத் தள்ளிவிடுவதா? கூடாது. சொன்ன சொல் சொன்னவருக்கு மட்டும் சொந்தமன்று. 1943இல் தென்னாபிரிக்காவின் ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸார் அந்தச் சாசனத்தையே ஆதாரமாக்கித் தம் உரிமைக் கோரிக்கைகளை வரைந்தனர். தலைவர் கொடுத்த வாக்கை அவரிடமே நீட்டிக் கேட்பதுதான் கேட்போர் கடமை.

தோழர்களே, நாமும் மேடையேறுகிறோம். "மக்கள்" என்று நாம் முழங்கும்போது, கூடை சுமந்து கொழுந்தெடுக்கும் தாய்மாரும் அதில் அடக்கமா? இல்லையெனில், நம் தேரும் மண்ணைத் தொட்டுவிடும்.