பீடத்தில் ஒரு பெயர்

(மேலப்பாளையத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு சற்று வித்தியாசமானது. சிலைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பயான் செய்கிறவனுக்கும் சிலைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனாருக்குப் பல ஊர்களில் சிலை இருக்கிறது. அந்தக் கப்பல் கம்பெனிக்கு அள்ளிக் கொடுத்த ஹாஜி முகம்மது பக்கீர் சேட்டுக்கும் ஒரு சிலை வைக்கச் சொல்லி அரசாங்கத்திடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று நம் இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்களுடைய ஆதங்கம் நியாயமானது. கேட்கிற பொருள் சரிதானா என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று தெரிந்துகொள்வோம்.

தூத்துக்குடி அன்று திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. தனி மாவட்டம் ஆனதெல்லாம் 1986-ல்தான். அங்கிருந்து கொழும்புக்குப் போகிற கப்பல் போக்குவரத்தை பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்ற வெள்ளையர் கம்பெனி கையில் வைத்திருந்தது. சரக்கு அனுப்பினாலும் ஆள் போனாலும் அவன் வைத்ததுதான் கூலி. இந்த ஆதிக்கத்தை உடைக்க 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய் என்று திட்டமிட்டார்கள். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். வ.உ.சி. உதவிச் செயலாளர். பெயருக்குத்தான் உதவி. அலைந்ததும் திரட்டியதும் அவர்தான்.

அந்த 40,000 பங்குகளில் 8,000 பங்குகளை வாங்கியவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். கொடுத்த தொகை இரண்டு லட்சம் ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள், திட்டமிட்ட மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு! இரண்டு லட்சம் என்றால் இன்று ஒரு மனைகூட வராது என்று சிரிக்காதீர்கள். 1906-ன் இரண்டு லட்சம் அது. லாபம் நிச்சயம் என்று யாரும் உத்தரவாதம் தராத தொழில். எதிரில் நிற்பதோ, தன் பின்னால் ஒரு சாம்ராஜ்யத்தையே வைத்திருக்கும் கம்பெனி. அதில் ஒரு வியாபாரி இவ்வளவு பணத்தை இறக்குகிறார் என்றால், அது வெறும் வியாபாரக் கணக்காக மட்டும் இருக்க முடியாது.

பிறகு நடந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, போகிறவர் கையில் ஒரு குடையையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். அதிகாரம் அத்தனையும் ஒரு பக்கம் சேர்ந்தது. 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். அவர் சிறையில் இருக்கும்போதே, 1911-ல், கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ அந்தக் கம்பெனிக்கே விற்கப்பட்டது.

சகோதரர்களே! இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. 'கப்பலே பக்கீர் சேட்டுடையது, வ.உ.சி. பெயரை வாங்கிக்கொண்டார்' என்று. இது அநியாயம். ஐந்தில் ஒன்று ஐந்தில் ஒன்றுதான், அதை ஐந்தாக்காதீர்கள். செக்கிழுத்தது வ.உ.சி., சொத்தை இழந்தது வ.உ.சி., விடுதலையாகி வந்து வறுமையில் வாடியதும் வ.உ.சி. நமக்கு வேண்டியவர் என்பதற்காகச் சாட்சியத்தைக் கூட்டிச் சொல்ல மார்க்கம் அனுமதி தரவில்லை. வேண்டாதவர் என்பதற்காகக் குறைத்துச் சொல்லவும் அனுமதி இல்லை. நம்முடையதை மறைத்துவிட்டார்கள் என்று குற்றம் சாட்டுகிற நாமே அடுத்தவருடையதை மறைத்தால் நம் பேச்சை யார் கேட்பார்கள்?

வ.உ.சி.யேகூட சும்மா நினைக்கப்பட்டவர் அல்லர். 1936-ல் இறந்தார். சென்னை ராயப்பேட்டை காங்கிரஸ் அலுவலகத்தில் ம.பொ.சி.யின் முயற்சியால் அவருக்குச் சிலை வந்தது 1939-ல். அதற்கும் ஒருவர் ஓடியாட வேண்டியிருந்தது. 2022 குடியரசு தினத்தில் அவர் உருவம் இடம்பெற்ற தமிழ்நாட்டு அலங்கார ஊர்திக்கு டெல்லி அணிவகுப்பில் இடம் கிடைக்கவில்லை. பிறகு சென்னையில் ஓட்டினார்கள். முன்னால் நின்றவருக்கே இந்த நிலை என்றால், பின்னால் நின்று பணம் கொடுத்தவர் கதி என்ன?

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். சுதேசிக் கம்பெனியை ஒடுக்குவதில் முன்னால் நின்ற அதிகாரி ஆஷ். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதனால் சுடப்பட்டவர். அவருக்குப் பாளையங்கோட்டையில் கல்லறை இருக்கிறது, தூத்துக்குடியில் தூண்கள் வைத்த நினைவு மண்டபமே இருக்கிறது. அதை இடிக்கச் சொல்லி நான் பேசவில்லை. இருக்கட்டும், அதுவும் வரலாறுதான். ஆனால் கப்பலை நிறுத்தப் பார்த்தவருக்குக் கல் கிடைத்திருக்கிறது. கப்பல் ஓடப் பணம் கொடுத்தவர் பெயரை நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். இந்த மஹல்லாவிலேயே கேட்டுப் பாருங்கள், போதும்.

சரி, சிலை கேட்கலாமா?

கூடாது என்பதே என் பதில். காரணம் சொல்கிறேன். நூஹ் நபி (அலை) அவர்களின் சமுதாயத்தில் வத்து, ஸுவாஉ, யகூஸ், யஊக், நஸ்ரு என்று ஐந்து பெயர்களைக் குர்ஆன் சொல்கிறது. இவர்கள் யார்? இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தரும் விளக்கத்தின்படி இவர்கள் நல்லடியார்கள். அவர்கள் இறந்ததும், மறந்துவிடக் கூடாதே என்று மக்கள் அவர்கள் அமர்ந்த இடங்களில் உருவங்களை வைத்தார்கள். வைத்தவர்கள் வணங்கவில்லை. அவர்கள் காலம் போனது, விஷயம் தெரிந்தவர்கள் போனார்கள், அடுத்து வந்தவர்கள் வணங்கத் தொடங்கினார்கள். நினைவுச் சின்னம் எப்படித் திசை மாறும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? ஹஜ்ஜுக்குப் போய் வந்த ஒரு மனிதருக்கு நாம் செய்கிற மரியாதை, அவர் வாழ்நாளெல்லாம் விலகி நின்ற ஒன்றாக இருக்கலாமா?

மற்றவர்கள் தம் தலைவர்களுக்குச் சிலை வைப்பது அவர்கள் வழக்கம். அதில் நாம் குறுக்கிட ஒன்றும் இல்லை. நாம் கேட்பது நமக்கு ஆகுமானதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் பெயர் எப்படி நிற்கும்? ஆற்றங்கரைக்குப் போங்கள். ஜங்ஷனுக்குப் போகும்போது நாம் தாண்டுகிற சுலோசன முதலியார் பாலத்தைப் பாருங்கள். வெளியூர்க்காரர்கள் அது யாரோ ஒரு பெண்மணியின் பெயர் என்று நினைத்துக்கொள்வதுண்டு. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்தவர் அவர். அப்போது நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியைப் படகில்தான் கடக்க வேண்டும். வெள்ளம் வந்தால் அக்கரை அக்கரைதான், இக்கரை இக்கரைதான். பாலம் கட்ட ஏறத்தாழ 50,000 ரூபாய் ஆகும் என்றார்கள். ஊரில் வசூல் செய்யலாம் என்று பேச்சு எழுந்தது. முதலியார் அந்தச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டார். லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டு 11 வளைவுகளோடு 1843-ல் அது எழுந்தது. 1869 வெள்ளத்தில் ஒரு பகுதி போய், மறுபடி கட்டினார்கள். 2023 டிசம்பர் பெருவெள்ளத்திலும் நின்றது. அந்த மனிதரின் முகம் நம்மில் யாருக்கும் தெரியாது. ஆனால் பஸ்ஸில் கண்டக்டரும் ஆட்டோக்காரரும் மீன் விற்கிற அம்மாவும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்!

நம் வரலாற்றிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஜுபைதா அம்மையார் கூஃபாவிலிருந்து மக்காவுக்குப் போகும் பாலைவனப் பாதையில் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் தங்குமிடங்களும் அமைக்கச் செய்தார். மக்காவுக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மையார் மறைந்தது 831-ல். இன்றும் அந்தப் பாதைக்கு 'தர்ப் ஜுபைதா' என்றே பெயர். ஒரு சிலையும் இல்லை.

ஆகவே, இளைஞர்களே, மனுவை மாற்றி எழுதுங்கள். இரண்டு கோரிக்கைகள் போதும். ஒன்று, திருநெல்வேலி மணிமண்டபத்திலும் தூத்துக்குடியிலும் உள்ள வ.உ.சி. சிலைகளின் பக்கத்தில் ஒரு கல் பதிக்க வேண்டும். அதில் சுதேசிக் கம்பெனிக்குத் தோள் கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்க வேண்டும். பாண்டித்துரைத் தேவர் பெயரும் இருக்கட்டும், பக்கீர் சேட் பெயரும் இருக்கட்டும். சிறு சிறு பங்கு வாங்கியவர்களின் பெயர்கள் ஆவணங்களில் கிடைத்தால் அவையும் ஏறட்டும். நம்மவர் பெயரை மட்டும் தனியாகக் கேட்காதீர்கள். சேர்ந்து செய்த வேலையைச் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது, தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கு அருகில் காலியா கப்பலின் உருவத்தைக் கல்லிலோ உலோகத்திலோ வடித்து வைக்கச் சொல்வோம். கப்பலுக்கு உயிரில்லை. அதை வடிப்பதில் நமக்கு மார்க்கத் தடையும் இல்லை. முத்துக் குளித்த பரதவர் வீட்டுப் பிள்ளையும் காயல்பட்டினத்து மரைக்காயர் வீட்டுப் பிள்ளையும் ஒன்றாக நின்று பார்க்கக்கூடிய பொருள் அது. அரபு நாட்டுக் குதிரைகள் இறங்கியதாக மார்க்கோ போலோ எழுதிய பழையகாயலும் இதே ஆறு கடலில் சேருகிற பக்கத்தில்தான் இருக்கிறது. இந்தக் கரைக்குக் கப்பல் புதிதல்ல!

ஒரு பெரியவர் கூட்டம் தொடங்குமுன் என்னிடம் கேட்டார். 'ஹஜ்ரத், கல்லுக்குச் செலவழிக்கிற காசை நாலு பிள்ளைகள் படிப்புக்குக் கொடுக்கலாமே?' நல்ல கேள்வி. பிள்ளைகள் படிப்புக்குக் கொடுக்கத்தான் வேண்டும். அதை இந்த மனு தடுக்காது. ஆனால் படிக்கப் போகிற அந்தப் பிள்ளையிடம் நாளைக்கு ஒருவன், 'உன் பாட்டன் இந்த நாட்டுக்கு என்ன செய்தான்?' என்று கேட்பான். கேட்கிறார்கள், எனக்கே தெரியும். அப்போது அந்தப் பிள்ளை கோபப்பட வேண்டியதில்லை, சத்தம் போட வேண்டியதில்லை. 'மணிமண்டபத்துக்கு வா, காட்டுகிறேன்' என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஓர் இடம் வேண்டும்.

மனுவை மாநகராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ். தமிழ் எழுத்தாளர்களையும் பரதவர் சமூகப் பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு போவோம். நம் தொப்பிகள் மட்டும் வரிசையாகப் போனால் 'அவர்கள் விவகாரம்' என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. தொகையையும் பங்குக் கணக்கையும் எழுதுகிற இடத்தில் 8,000 பங்கு, 2,00,000 ரூபாய் என்று மட்டும் எழுதுங்கள், ஒரு பூஜ்யம் கூட வேண்டாம். மஃரிபுக்கு நேரம் நெருங்குகிறது. தொழுதுவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள். சகோதரிகளுக்குத் தனிப் படிவம் உள்ளே அனுப்பியிருக்கிறோம்.