உழைக்காத சிலிண்டர்



என் பழைய கார் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது நடுங்கலாயிற்று. கார்புரேட்டர் திருகைத் திருகி வேகத்தைக் கூட்டினேன், நடுக்கம் அடங்கியது. ஆனால் ஏற்றத்தில் வண்டி திணறியது.

மெக்கானிக் முதலில் திருகைப் பழைய நிலைக்குக் கொணர்ந்தார். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 800 முறை சுழன்றால், ஒவ்வொரு சிலிண்டரிலும் 400 முறை தீப்பற்ற வேண்டும். ஒன்று தவறினும் நடுக்கம் தோன்றும். எது அந்த ஒன்று?

மின்சாரம் தாக்குமாதலால் எஞ்சினை நிறுத்திய பின்பே அவர் ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, மீண்டும் ஓட்டினார். நடுக்கம் மிகுந்தது, எனவே அந்தச் சிலிண்டர் உழைக்கிறது. அதை மாட்டிவிட்டு அடுத்ததைச் சோதித்தார். மூன்றாவதில் மாற்றமே இல்லை. அதன் பிளக்கை இரண்டாவதற்கு மாற்றினார். பழுதும் உடன் சென்றது. கரி படிந்த அந்தப் பிளக்கைத் துடைத்து, இடைவெளியைச் சரிசெய்ததும் எஞ்சின் சீராக ஓடியது.

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்தி மகிழ்ந்தேன். பின்வரிசையில் ஒருவன் ஏன் பின்தங்கினான் என்று ஆராயவில்லை. திருகைத் திருகியதும் அதே பிழைதான். நீங்களேனும் பழுதை மறைக்காமல், ஒவ்வொன்றாகச் சோதித்துக் காரணத்தைக் காணுங்கள்.