பதிவுக்கு முன்னாடி யார்டுக்குப் போங்க

கார் வாங்க ரிவ்யூ வீடியோ ஐம்பது பார்த்திருப்பீங்க. ஆனா உங்க கைக்கு வரப்போற அந்த ஒரு வண்டியை யாரும் ரிவ்யூ பண்ணல. அதை நீங்கதான் பார்க்கணும், அதுவும் ஆர்.டி.ஓ. பதிவுக்கு முன்னாடி. உங்க பேர்ல பதிவாகிட்டா, வேற வண்டி கேட்கிறது பெரும்பாடு.

முதல்ல சேஸிஸ் நம்பர். தயாரிச்ச மாசமும் வருஷமும் அதுக்குள்ளேயே இருக்கும். குறியீடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஜனவரியில வாங்குற வண்டி போன வருஷத் தயாரிப்புன்னா ஆர்.சி.யிலயும் அப்படித்தான் ஏறும், விக்கும்போது விலை அடிபடும். நல்ல தள்ளுபடி கொடுத்தா வாங்கலாம், தப்பில்ல.

அப்புறம் டயர். பக்கவாட்டுல 3524னு இருந்தா 2024ஆம் வருஷம் 35ஆவது வாரம். வண்டியைவிடப் புதுசா ஒரு டயர் இருந்தா, ஏன் மாத்தினீங்கன்னு கேளுங்க. ‘கழுவி டெலிவரி அன்னிக்குக் காட்டுறோம் சார்’னுவாங்க. கழுவாமலே பார்க்கிறேன்னு சொல்லுங்க. பாக்கிப் பணம் அதுக்கப்புறம்தான்.