மழை அடிக்கும் சுவருக்கு என்ன உடுத்துவது?

 

இன்றைக்குச் சுவரைப் பற்றிப் பேசப் போகிறேன். சுவரில் பேச என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நிறைய இருக்கிறது. அதில் நம் பணம் இருக்கிறது. நம் உடம்பும் இருக்கிறது.

மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள் நாம். தாத்தா பாட்டி காலத்திலிருந்து லயத்தில்தான் குடியிருப்பு. லயத்துச் சுவர் நனைந்தால் அது கம்பெனி பாடு. ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அப்போது கைக்கு வருகிற கிராஜுவிட்டிப் பணமும் பி.எஃப். பணமும்தான் ஒரு வீடாக மாற வேண்டும். அந்தப் பணம் இன்னொரு தடவை வராது. அதனால் சுவரை முதலிலேயே சரியாகச் செய்ய வேண்டும்.

மழை மேலிருந்து கீழே விழும் என்று சொல்வார்கள். நம் ஊரில் அப்படியா விழுகிறது? ஆனியிலும் ஆடியிலும் காற்றோடு சேர்ந்து படுத்துக்கொண்டு வருகிறது. தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. மேற்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் நேராகப் போய் அறைகிறது. அது போதாது என்று, கூரையிலிருந்து கொட்டும் தண்ணீர் முற்றத்தில் விழுந்து தெறிக்கிறது. சேற்றோடு தெறிக்கிறது. எந்த வீட்டையும் போய்ப் பாருங்கள். சுவரின் அடிப்பாகம்தான் முதலில் கறுக்கும். அதோடு மண்ணிலிருந்து ஓதம் மேலே ஏறுகிறது. வீட்டுக்குள்ளே நாம் சோறு வடிக்கிறோம். அடுப்புக்கு மேலே ஈரத்துணி காயப் போடுகிறோம். அந்த ஆவியும் சுவரில்தான் போய் ஒட்டுகிறது.

இதெல்லாம் மதுரையிலும் உண்டு. அங்கே மழை விட்ட மறுநாள் வெயில் அடிக்கும். சுவர் காய்ந்துவிடும். இங்கே மேகம் விலகாது. மலை நிழல், மர நிழல், மூடுபனி. ஆகவே நம் ஊரில் சுவர் கெட்டுப்போவது நனைவதால் மட்டும் அல்ல. காயாததால்.

வடக்குச் சுவரையும் கவனியுங்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். மழை இல்லாத அந்த நாட்களில்தான் வீடு காய வேண்டும். அப்போது பார்த்து வடக்குச் சுவருக்கு வெயில் கிடைக்காது. பாசி அங்கே பச்சைப் பாயாகப் படர்வது அதனால்தான்.

கொழுந்து பறிக்கும்போது மழைக்குப் பிளாஸ்டிக் தாள் கட்டுகிறீர்கள். வெளியே இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. ஆனால் மத்தியானம் தாளைக் கழற்றினால் ரவிக்கை ஈரமாக இருக்கும். என்ன ஈரம்? வியர்வை. உள்ளே இருந்த ஈரம் வெளியே போக வழி இல்லை. சுவருக்கும் இதே கதைதான். இது ஒன்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

என் சித்தி ஓய்வு பெற்று வீடு கட்டினார். சிமெண்டுக் கட்டைச் சுவர். முதல் மழையிலேயே மேற்குச் சுவர் உள்ளே நனைந்தது. வேலைக்கு வந்த ஒருவர், "தகரம் அடித்துவிட்டால் தீர்ந்தது" என்றார். ஈரச் சுவரின் மேலேயே தகர ஷீட்டை ஒட்டி வைத்து ஆணி அடித்தார். கூலியும் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மழையில் மழைத் தண்ணீர் வரவில்லை. ஆனால் உள்பக்கம் சுவரில் கறுப்பு கறுப்பாகப் பூஞ்சை பூத்தது. சித்தி மகனுக்கு இழுப்பு வந்தது. தகரத்தைக் கழற்றிப் பார்த்தோம். பின்பக்கம் எல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். ஆணி அடித்த இடம் எல்லாம் துரு.

ஓதமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் இருமலும் இழுப்பும் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி நூல் சொல்கிறது. சித்தி அந்த நூலைப் படிக்கவில்லை. அவருக்கு ஆஸ்பத்திரிச் செலவே சொல்லிவிட்டது.

அந்தத் தகரம் கெட்ட தகரம் அல்ல. அடித்த விதம்தான் கெட்டது. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே காற்று ஓட இடம் வேண்டும். முதலில் சுவரில் ஒரு அங்குல கனமுள்ள ரீப்பர் கட்டைகளை நெடுக்காக நிறுத்தி அடிக்க வேண்டும். படுக்கையாக அடிக்கக் கூடாது. அடித்தால் தண்ணீர் அதன் மேல் தங்கும். ரீப்பரின் மேலேதான் ஷீட்டையோ பலகையையோ பொருத்த வேண்டும். கீழேயும் மேலேயும் இடைவெளியைத் திறந்து விட வேண்டும். எலியும் பூச்சியும் நுழையாமல் வலைக்கம்பி வைக்கலாம். அப்படிச் செய்தால் பின்னால் போன தண்ணீர் வடிந்து வெளியே வரும். மிச்ச ஈரத்தைக் காற்று கொண்டு போகும். பிறகு சித்தி வீட்டிலும் சுவரைக் கோடையில் காயவிட்டு இப்படித்தான் செய்தோம்.

உறையின் அடி விளிம்பு தரையைத் தொடக் கூடாது. குறைந்தது 8 அங்குலமாவது மேலே நிற்க வேண்டும். மேகாலயாவில் ஷில்லாங் என்று ஓர் ஊர். அந்த மாநிலத்தில்தான் மௌசின்ராம், சிரபுஞ்சி எல்லாம் இருக்கின்றன. உலகத்திலேயே அதிக மழை பெய்யும் இடங்கள். அங்கே 1897-ல் பெரிய பூகம்பம் வந்து கல் கட்டடங்கள் விழுந்தன. அதன் பிறகு மரச்சட்டம் போட்டு, நடுவில் இக்ரா என்ற நாணல் தட்டி வைத்து, மேலே பூசி வீடு கட்டுவது பரவியது. நாணல் சுவர் அந்த மழையில் எப்படி நிற்கிறது? தரையிலிருந்து சுமார் மூன்று அடிக்குக் கல் அல்லது செங்கல் சுவர். அதற்கு மேலேதான் நாணல். தெறிக்கிற தண்ணீர் நாணலைத் தொடாது. மேலே தகரக் கூரை நன்றாக வெளியே நீண்டிருக்கும். எளிய பொருள்தான். இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

கூரை என்றதும் லாரி பேக்கர் நினைவுக்கு வருகிறார். இங்கிலாந்தில் பிறந்து இந்தியராகவே வாழ்ந்த கட்டடக் கலைஞர். 2007-ல் காலமானார். நம் இடுக்கி மாவட்டத்து வாகமண் மலையிலும் சில ஆண்டுகள் இருந்தவர். சாதாரண மக்களுக்காகப் படம் போட்டுச் சின்னச் சின்னப் புத்தகங்கள் எழுதினார். சரிவான கூரையைச் சுவருக்கு வெளியே நன்றாக நீட்டுங்கள், அது மழையிலிருந்து சுவரைக் காக்கும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று. இப்போது நாம் என்ன செய்கிறோம்? டவுனில் பார்த்துவிட்டு மொட்டை மாடி கட்டுகிறோம். சுவருக்கு மேலே குடை இல்லை. பிறகு விலை உயர்ந்த பெயிண்டு வாங்கி அடிக்கிறோம். என்னைக் கேட்டால், பெயிண்டுக்குப் போகும் பணத்தில் கூரையை இன்னும் இரண்டடி நீட்டலாம்.

சரி, எந்தப் பொருள் நல்லது?

மரம் எல்லோருக்கும் ஆசை. ஆனால் மரம் என்றால் எல்லா மரமும் ஒன்றல்ல. ஒரே மரத்திலும் வைரம் வேறு, வெளிறு வேறு. நடுவில் இருக்கும் நிறம் ஏறிய பகுதி வைரம். ஓரத்தில் வெளுத்திருப்பது வெளிறு. தேக்காக இருந்தாலும் வெளிற்றை ஈரத்தில் வைத்தால் உளுத்துப் போகும். தேக்கு, அயினி, பலா இவற்றின் வைரம் நீடிக்கும். நம் பக்கம் மலிவாகக் கிடைப்பது கிராண்டிஸ். அது யூக்கலிப்டஸில் ஒரு வகை. பச்சையாக அறுத்து அடித்தால் முறுக்கும், வெடிக்கும். சில்வர் ஓக் உள்வேலைக்கு ஆகும். வெளியே மழையில் நிற்காது.

முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசுவது கேரளத்தில் பழைய வழக்கம். பூச்சி அண்டாது. ஆனால் கையில் பட்டால் தோல் வெந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பலகையின் முகத்தில் மட்டும் பூசாமல், அறுத்த முனைகளிலும் முதுகிலும் பூசச் சொல்லுங்கள். தண்ணீரை அதிகம் குடிப்பது முனைதான்.

மூங்கில் தட்டி அழகு. மூங்கிலில் உள்ள மாவுச் சத்துக்குத்தான் வண்டு வருகிறது. வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரில் ஊற வைத்தால் வண்டு வராது. ஆனால் இந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும். அதனால் மூங்கிலைத் திண்ணைக்கும் கூரை நிழலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மழை அறையும் மேற்குப் பக்கத்துக்கு வேண்டாம்.

சிமெண்டுப் பலகை என்று இப்போது வருகிறது. உளுக்காது, கரையான் தின்னாது. வெளிச்சுவருக்கு 8 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாமல் கேளுங்கள். அறுத்த விளிம்புக்குப் பெயிண்டு அடிக்க வேண்டும். வாங்கும்போது, "இதில் கல்நார் இல்லை" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கல்நார் என்பது ஆஸ்பெஸ்டாஸ். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்துப் புற்றுநோய் வரலாம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை இறக்கி, அறுத்துச் சுவருக்கு அடிக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கூரையில் இருக்கிற ஷீட்டில் பாசி பிடித்தால் பிரஷ் போட்டுத் தேய்க்கவும் கூடாது.

தகர ஷீட்டு நம் பைக்கு ஏற்றது. மழையில் சத்தம் போடும், அவ்வளவுதான். துத்தநாகப் பூச்சுள்ள ஷீட்டாக இருக்க வேண்டும். ஸ்க்ரூவோடு ரப்பர் வாஷர் வேண்டும். பச்சைச் சிமெண்டு அதன் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் பூச்சை அரிக்கும்.

வெறும் பூச்சுச் சுவரே போதுமா? கூரை நன்றாக நீண்டிருந்தால் பல வீடுகளுக்குப் போதும். சிமெண்டு அதிகம் போட்டால் பலம் என்று நினைக்கிறோம். அதிகம் போட்டால் சுருங்கி மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். தண்ணீர் அந்த வெடிப்பில்தான் நுழைகிறது. 1 சட்டி சிமெண்டுக்கு 5 சட்டி மணல் போதும். குறைந்தது 7 நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். சுவர் முழுதும் காய்ந்த பிறகே பெயிண்டு. ஈரச் சுவரில் பிளாஸ்டிக் பெயிண்டு அடித்தால் கொப்புளம் கொப்புளமாக உரியும். சுண்ணாம்பு அப்படி உரியாது. அது ஈரத்தை வெளியே விடும்.

கோவாவிலும் கொங்கணக் கரையிலும் ஒரு பழக்கம் உண்டு. மழைக்கு முன்னால் தென்னங்கீற்றுத் தட்டிகளைச் சுவருக்கு வெளியே கட்டுவார்கள். மழை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். பணம் போதாதவர்கள் இந்த வழியை யோசிக்கலாம். இந்த ஆண்டு ரீப்பர் மட்டும் அடித்து, மேற்குச் சுவருக்குத் தட்டி கட்டுங்கள். அடுத்த ஆண்டு ஷீட்டு வாங்கலாம். நாலு சுவருக்கும் ஒரே நேரத்தில் செய்து கடன்பட வேண்டியதில்லை.

வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டி இறக்கியிருந்தால், அந்தத் திட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடக்க இடமும் ஒரு வாய்க்காலும் வேண்டும். மண் சுவரில் சாய்ந்திருந்தால் எந்த உறையும் உதவாது. சரிவு பெரிதாக இருந்தால் பஞ்சாயத்தில் கேட்காமல் கட்டாதீர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் கணக்குப் பாடம். நோட்டை எடுங்கள். மேற்குச் சுவர் நீளம் 20 அடி, உயரம் 9 அடி. பெருக்கினால் 180 சதுர அடி. சன்னல் 4 அடிக்கு 3 அடி. அது 12. கழித்தால் 168. ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதற்கும் சேதாரத்துக்கும் பத்தில் ஒரு பங்கு, அதாவது 17 கூட்டுங்கள். 185. ஒரு ஷீட்டு 8 அடிக்கு 4 அடி என்றால் 32 சதுர அடி. 5 ஷீட்டு 160தான், போதாது. 6 ஷீட்டு 192. ஆக 6 வாங்க வேண்டும். கடையில் "9 ஆகும்" என்று யாராவது சொன்னால் இந்தத் தாளை எடுத்துக் காட்டுங்கள்.

சிமெண்டு மூட்டையில் எந்த வாரம், எந்த ஆண்டு செய்தது என்று அச்சடித்திருக்கும். அதைப் படியுங்கள். மூன்று மாதம் தாண்டியது வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் அதற்கு முன்பே கட்டி தட்டும். மூட்டையைக் கையால் அமுக்கிப் பாருங்கள்.

பூச்சு வேலைக்கும் பலகை வேலைக்கும் ஏற்ற காலம் தையும் மாசியும். அதற்குள் அளவு எடுத்து வைக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அளவு நாடா கொண்டு வருகிறேன். யார் வீட்டுச் சுவரை முதலில் அளப்பது என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். எழுதுவது நீங்கள்தான். நான் நாடாவைப் பிடித்துக்கொள்கிறேன்.