பெயர் சுட்டா நெறியும் தரவுக் காப்பும்

அன்பின் ஐந்திணையைப் பாடுங்கால் ஒருவரது இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. பெயரை மறைத்தால் மட்டும் போதுமா? நெடுநல்வாடை இதற்கு விடை கூறும். பாசறையில் இருக்கும் தலைவனின் பெயர் அந்நூலில் இல்லை. ஆயினும், வேலில் கட்டிய வேம்பு பாண்டியனைக் காட்டிக்கொடுத்தமையால் அது புறமாயிற்று என்பது நச்சினார்க்கினியர் கருத்து. ஓர் அடையாளமே அகத்தைப் புறமாக்கிவிட்டது.

கணினிக் காலத்தின் சிக்கலும் இதுவே. 1990-களில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவக் குறிப்புகள் பெயர் நீக்கி ஆய்வாளர்க்கு வழங்கப்பெற்றன. லத்தான்யா ஸ்வீனி என்னும் ஆராய்ச்சி மாணவி அவற்றை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, மாநில ஆளுநரின் குறிப்புகளையே இனங்கண்டார். அஞ்சல் குறியீடு, பிறந்த நாள், பாலினம் ஆகிய மூன்றும் அங்கே வேம்பாயின. அமெரிக்க மக்களுள் 87 விழுக்காட்டினரை இம்மூன்றாலேயே தனித்தறியக்கூடும் என 2000-இல் அவர் கணக்கிட்டார்.

இந்தியாவில், ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் இயற்றப்பெற்ற எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பெயரை மட்டுமன்றி ஒருவரை இனங்காட்டவல்ல எத்தரவையும் தனிநபர் தரவு என்றே கொள்கிறது. காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் வழிசெய்கிறது. எனினும், அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் வாயிலும் அதே சட்டத்தில் திறந்திருக்கிறது.

ஆதலின் சட்டத்தோடு தொழில்நுட்பமும் துணைநிற்றல் வேண்டும். அனுப்புநரும் பெறுநருமன்றிப் பிறர் படிக்கவியலாத மறையாக்கம் ஒரு காப்பு. தேவைக்கு மேல் தரவைத் திரட்டாமை மற்றொரு காப்பு. திரட்டாத தரவு திருடுபோவதில்லை.

கவிஞர்க்கு இதில் என்ன பங்கு? முற்றுப்பெறாத கவிதையும் அனுப்பப்படாத மடலும் இன்று எங்கோ தொலைவிலுள்ள கணினிகளில் உறங்குகின்றன. பிறர் கண் படுமென்று அஞ்சும் கை எழுதியதை அடித்துவிடும். பின்னர் எழுதாமலே விட்டுவிடும். ஓர் இலக்கிய வட்டம் தன் மலரில் உறுப்பினரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அச்சிடுமுன் அவரவர் இசைவைக் கேட்பது சிறு செயலே. ஆயினும் பெயர் சுட்டா நெறியைப் போற்றிய மொழிக்கு அதுவே தக்க தொடக்கம். அகம் காக்கப்படும் இடத்தில்தான் அகப்பாட்டுப் பிறக்கும்.