40,000 ரூபாய் கடன் 1,20,000 ஆனது எப்படி?

(கூட்டமைப்பின் பொதுக்குழுவில் கணக்குப் பிரிவின் சார்பில் பேசியது)



சென்ற காலாண்டு அறிக்கையில் ஒரு குழுவின் உள்கடன் 1,20,000 ரூபாய் என்று அச்சாகி வந்தது. உண்மையில் அந்தக் குழுவில் நாலு பேர் வாங்கியது மொத்தம் 40,000 ரூபாய்தான். குழுக் கூட்டத்தில் எல்லாரும் ஊக்குநர் அக்காவைப் பார்த்து, "எங்களுக்குத் தெரியாம மீதி 80,000 யாருக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அக்கா கண்ணீரோடு பேரேட்டைத் தூக்கிக்கிட்டு எங்களிடம் வந்தாங்க. தப்பு அவங்க மேல இல்லை, நாங்கள் அமைத்த கம்ப்யூட்டர் கணக்கு மேல. அதைச் சபையில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

கம்ப்யூட்டரில் விவரங்கள் அடுக்கடுக்காக இருக்கு. கூட்டமைப்புக்குக் கீழே குழு, குழுவுக்குக் கீழே உறுப்பினர். உறுப்பினருக்குக் கீழே இரண்டு கிளை: கட்டின சேமிப்பு ஒன்று, வாங்கின கடன் ஒன்று. 'ஜாங்கோ' என்ற மென்பொருள் கருவியில் இதை அமைத்து, "குழுவின் மொத்த சேமிப்பும் மொத்தக் கடனும் கொடு" என்று ஒரே கேள்வியாகக் கேட்டோம். அங்கேதான் வினை.

ஒரு உறுப்பினர் மூன்று மாதம் 100 ரூபாய் வீதம் கட்டியிருக்காங்க. 5,000, 3,000 என்று இரண்டு கடன் வாங்கியிருக்காங்க. கம்ப்யூட்டர் முதலில் இரண்டு கிளையையும் ஜோடி சேர்க்குது. ஒவ்வொரு சேமிப்பு வரிக்கும் ஒவ்வொரு கடன் வரி. மூன்று வரி ஆறு வரியாகிவிடும். பிறகு கூட்டினால் சேமிப்பு 300-க்குப் பதில் 600, கடன் 8,000-க்குப் பதில் 24,000.

அந்த அக்காவின் குழுவில் 12 பேர். யாருக்கும் ஒரு கடனுக்கு மேல் இல்லை. அதனால் சேமிப்பு 3,600 என்று சரியாகவே வந்தது. கடன் மட்டும், மூன்று மாதச் சேமிப்போடு ஜோடி சேர்ந்து, மூன்று மடங்கானது. பாதி சரியாக இருந்ததால்தான் நாங்களும் ஏமாந்தோம். இப்படி ஆகும் என்று அந்தக் கருவியின் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கு. நாங்கள்தான் படிக்கவில்லை.

திருத்தப் போய் இன்னொரு கூத்து. "ஒரே தொகை திரும்ப வந்தால் ஒரு தடவை மட்டும் கூட்டு" என்று கட்டளை கொடுத்தோம். எல்லாரும் கட்டுவது அதே 100 தானே? 12 பேரின் மூன்று மாதச் சேமிப்பும் சேர்ந்து வெறும் 100 ரூபாய் என்று வந்து நின்றது!

யோசித்துப் பார்த்தால் நம்ம கைக்கணக்கில் இந்தத் தப்பு வராது. சேமிப்புப் பேரேடு தனி, கடன் பேரேடு தனி. அது அதைத் தனித்தனியே கூட்டி, பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவோம். கம்ப்யூட்டரையும் இப்போது அப்படியே மாற்றிவிட்டோம். ஒரு குழுவுக்குச் சேமிப்பைத் தனிக் கேள்வியாகவும் கடனைத் தனிக் கேள்வியாகவும் கேட்டு, இரண்டு விடையையும் ஒரே வரியில் வைக்கிறோம். அந்தக் குழுத் தொகைகளைக் கூட்டினால் கூட்டமைப்பின் கணக்கு.

இன்னொன்றும் கண்டுபிடித்தோம். கடனே வாங்காத குழுவுக்குக் கம்ப்யூட்டர் 0 போடாமல் வெறுமையாக விடும். அந்த வெறுமையை எதிலிருந்து கழித்தாலும் விடையும் வெறுமைதான். சேமிப்பில் கடன் போக மீதி என்ற கட்டம் சில குழுவுக்குக் காலியாக வந்தது அதனால்தான். இப்போது அங்கே 0 போடச் சொல்லிவிட்டோம்.

அந்த ஊக்குநர் அக்காவின் குழுவுக்கு நாங்களே நேரில் போய், பேரேட்டையும் புது அறிக்கையையும் விரித்து வைத்து, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டோம். தீர்மான நோட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எல்லாக் குழுவும் பழைய அறிக்கையையும் இரண்டு பேரேட்டையும் எடுத்துக்கிட்டு வாங்க. இரண்டு கடன் வாங்கின உறுப்பினர் இருக்கிற குழுவை முதலில் பார்ப்போம். அங்கே சேமிப்பும் கூடியிருக்கும்.